காற்றில் பறக்காத கோலமாவு

சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய அந்தச் சந்தில் காரமண் உலோகங்களைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. பால் ஊற்றும் சிங்காரத்துக்குக்கூடத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, காதில் விழுந்து தெரிந்துகொண்டது. சாய்நாத் தன் வீட்டு மாடியில் நடத்திவந்த ‘சாய் கெமிஸ்ட்ரி’ டியூஷனுக்குப் பத்துப் பேர் வந்தாலும் சரி, ஐம்பது பேர் வந்தாலும் சரி, காலரில் மைக் மாட்டாமல் வாய் திறக்க மாட்டார். அத்தனூண்டு அறைக்கு எதற்கு மைக் என்று கேட்டால், “தொண்டை போயிடுது” என்பார். தொண்டை எங்கே போனதோ, குரல் எதிர்வீட்டு அடுப்படிவரை போனது.

“இரண்டாம் தொகுதிங்கறது ஒரு குடும்பம்பா. மூத்தவன் பெரிலியம். தண்ணிய எதிர்ல பார்த்தாலும் தெரியாத மாதிரி போயிடுவான். அடுத்தவன் மெக்னீசியம், சுடுதண்ணி வச்சாத்தான் அசைவான். கால்சியம் பச்சத்தண்ணிக்கே பொங்குவான். ஸ்ட்ரான்சியம், பேரியம் ரெண்டையும் எண்ணெய்க்குள்ள முக்கி வைக்கணும், வெளிய விட்டா வம்பு. ஏன்? வெளிக்கூட்டுல இருக்கற ரெண்டு எலக்ட்ரானும் புள்ளைங்கன்னு வச்சுக்க. அப்பன் ரூமுக்கும் புள்ள ரூமுக்கும் தூரம் ஜாஸ்தியானா புள்ள சீக்கிரமா வீட்ட விட்டுப் போயிடுவான். கீழ போகப் போக அணு பெருசு, பிடிமானம் கம்மி, ஆட்டம் ஜாஸ்தி!”

இந்த இடம் வரும்போதெல்லாம் எதிர்வீட்டுச் சிவகாமியம்மாள் தன் மகன் நடராஜை ஒரு பார்வை பார்ப்பார். நடராஜ் தன் மனைவி மதுராவைப் பார்ப்பான். தனிக்குடித்தனம் போகலாமா என்று அவர்கள் இருவரும் குசுகுசுத்துக்கொண்டிருந்த காலம் அது. சந்தில் யாருக்கும் தெரியாதென்று நினைத்தார்கள், பாவம்.

சாய்நாத்துக்குச் சந்தில் பெயர் ‘சார்’. எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரி வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், மாடியில் பெஞ்சு போட்டவர். அந்த ‘சார்’ மட்டும் இல்லாவிட்டால் நாம் யார் என்று அவர் அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு. விடை பிடிக்காததால் மைக்கை மாட்டிக்கொள்வார்.

மார்கழி பிறந்ததும் அவர் மனைவி கார்த்யாயினியின் தம்பி பழனிவேல் கடலூரிலிருந்து ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பின்பக்கம் அவனுக்குப் பழைய இரும்பு வாங்கி விற்கும் காயலான் கடை. எந்தக் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாலும் முதலில் வந்து நிற்பது வங்கிக்காரர்கள், இரண்டாவது பழனிவேல்.

“அக்கா, கோலத்துக்குக் கொண்டாந்தேன். பார்த்தியா எப்படி வெள்ளவெளேர்னு? நீ அள்ளிப் போட்டா காத்துக்குக் கூட அசையாது.”

உண்மைதான். மார்கழிக் காற்றில் அந்தச் சந்துக் கோலங்கள் விடிந்து பால் காய்வதற்குள் பாதி பறந்துவிடும். இந்த மாவு பறக்கவில்லை. விரல் விட்ட இடத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி விழுந்தது, விழுந்த இடத்தில் உட்கார்ந்தது.

“புள்ளைங்க கால்ல மிதிக்கும். ஒண்ணும் பண்ணாதே?” என்று கார்த்யாயினி கணவனைக் கேட்டாள்.

மச்சான் நிற்கிறான், எதிர்வீட்டுச் சிவகாமியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார், மாடிப்படியில் நாலைந்து மாணவர்கள். சாய்நாத் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வரச்சொல்லி மாவின்மேல் பிழிந்தார். புஸ்ஸென்று நுரைத்தது.

“கார்பனேட்,” என்றார், மைக் இல்லாமலே மைக் குரலில். “சுண்ணாம்புக்கல்லுத் தூள். நாம எழுதற சாக்பீஸுக்குச் சொந்தக்காரன். தண்ணியில கரையவே கரையாது. கரையாதது என்ன பண்ணும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். மூட்டையை உள்ளே நகர்த்தப்போனபோதுதான் அவருக்கு ஒரு முள் குத்தியது. அந்த அளவு மூட்டைக்கு அந்தக் கனம் ஆகாது. சுண்ணாம்புக்கல் இப்படிக் கனக்காது. கீழே போகப் போக கனம் கூடும் என்பதும் அவர் நடத்துகிற பாடம்தான். கம்பியில் ஒரு துளி தொட்டு நெருப்பில் காட்டினால் கால்சியமா, வேறு ஏதாவதா என்று நிறமே சொல்லிவிடும். அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அறிவித்தாகிவிட்டதே. ஊர் முன்னால் சொன்ன விடையைப் பிறகு சரிபார்ப்பது மாணவர்கள் செய்கிற வேலை என்று விட்டுவிட்டார்.

“கார்த்தி, எனக்கொரு பை குடேன்,” என்றார் சிவகாமியம்மாள். “என் மருமவ கோலம் காக்கா கிளறின மாதிரி இருக்கு. மாவு நல்லா இருந்தாலாவது ஒப்பேத்தலாம்.”

கார்த்யாயினி ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தாள். அந்த வருஷம் சந்தில் அந்த இரண்டு வாசல்கள் மட்டும் மாலைவரை பளிச்சென்று கிடந்தன. மற்ற வாசல்காரர்கள் வயிற்றெரிச்சலோடு தாண்டிப் போனார்கள்.

சந்தில் ஒரு நாய் இருந்தது. யார் வீட்டு நாயும் இல்லை, எல்லார் வீட்டிலும் தின்னும். பிஸ்கட் என்று கூப்பிட்டால் வரும். குளிருக்கு அது கார்த்யாயினியின் கோலத்தின்மேல்தான் சுருண்டு படுக்கும், எழுந்ததும் காலையும் வயிற்றையும் நக்கித் துடைத்துக்கொள்ளும். ஒருநாள் அது எழுந்தபோது பின்னங்கால்கள் எழவில்லை. முன்னங்காலால் இழுத்து இழுத்துச் சாக்கடை ஓரம் போய், வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்தபடியே செத்துப்போனது.

“எவனோ மீன்முள்ளுல மருந்து வச்சுட்டான்,” என்றார் சிவகாமியம்மாள், சிங்காரத்தைப் பார்த்து. பிஸ்கட் தினமும் குரைத்து விரட்டியது அவரை மட்டும்தான்.

“நானா? நான் பால்ல தண்ணி ஊத்துவேன், சாமி சத்தியமா மருந்து ஊத்த மாட்டேன்,” என்றார் சிங்காரம்.

சந்து சிரித்தது. சாய்நாத் சிரிக்கவில்லை. நாயின் வயிற்று முடியில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு டியூஷனுக்கு நேரமாகிவிட்டதென்று மாடியேறினார். நேரம் ஆகியிருக்கவில்லை. சந்துக்கு அது தெரியும்.

திருவாதிரைக்கு முந்தின நாள் மாலை, இசைவாணி என்ற மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி கேட்காவிட்டால் தூக்கம் வராது.

“சார், கால்சியம் கார்பனேட்டும் தண்ணியில கரையாது, பேரியம் கார்பனேட்டும் கரையாதுன்னு சொன்னீங்க. அப்போ பேரியம் கார்பனேட்டும் சாக்பீஸ் மாதிரி சாதுதானா சார்?”

கேள்வி முடியுமுன் விடை வந்தது. அவர் வாய்க்கு அத்தனை பழக்கம். “தண்ணியில கரையாதும்மா, வயித்துல ஆசிட் இருக்கே, அதுல கரைஞ்சிடும். கால்சியம் கரைஞ்சா எலும்புக்கு நல்லது. பேரியம் கரைஞ்சா பொட்டாசியத்தைக் கெடுத்துக் கையி கால் விழுந்துடும், மூச்சு நின்னுடும். எலி மருந்து அது. அதே பேரியத்தை சல்பேட்டா குடு, ஆசிட்லயும் கரையாது, எக்ஸ்ரே எடுக்கக் குடிக்கக் குடுக்கறாங்களே, அதான். ஒரே குடும்பம்னு நம்பி…”

மைக் சட்டென்று நின்றது. எதிர்வீட்டில் கூட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சிவகாமியம்மாள், “கரண்டு போயிடுச்சா?” என்று மதுராவைக் கேட்டார். கரண்டு போகவில்லை.

மாணவர்களை அனுப்பிவிட்டு சாய்நாத் மச்சானுக்குப் போன் போட்டார்.

“அந்த மாவு எங்க எடுத்த மாப்ள?”

“முதுநகர் தாண்டி மூடிக் கெடந்துச்சே மாமா ஒரு செங்கல், டைல்ஸ் கம்பெனி, அங்கதான். செங்கல் மேல உப்பு பூக்காம இருக்கறதுக்குக் கலப்பாங்களாம். ஏன் மாமா, தீந்து போச்சா? இன்னும் ரெண்டு மூட்டை கெடக்கு.”

“ஒண்ணுமில்ல. அதத் தொடாத. யாருக்கும் குடுக்காத.”

“ஏன் மாமா?”

“சொன்னாக் கேளு.” வைத்துவிட்டார்.

பிறகு அலமாரியிலிருந்து அமிலப் புட்டியையும் நிக்ரோம் கம்பியையும் எடுத்தார். கம்பி நுனியை நனைத்து மாவில் தொட்டு, அடுப்பின் நீலச் சுடரில் நீட்டினார். கால்சியமாக இருந்தால் செங்கல் சிவப்பு. ஸ்ட்ரான்சியமாக இருந்தால் ரத்தச் சிவப்பு. சுடர் பச்சையாக எரிந்தது. ஆப்பிள் பச்சை என்று வருஷா வருஷம் சொல்லி எழுதவைத்த பச்சை. அவர் கம்பியைத் துடைத்து மறுபடி காட்டினார். மறுபடியும் பச்சை.

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போட்டால் போதும், அவர் குரலுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் சத்தம் போட்டால் எலுமிச்சம்பழம் வெளியே வரும், நாய் வெளியே வரும். நுரையைப் பார்த்துவிட்டு விஷத்தைச் சாக்பீஸ் என்ற ஆளிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? சொன்னால் சந்து பிழைக்கும், ‘சார்’ பிழைக்க மாட்டார். இரண்டும் பிழைக்க ஒரு வழி இருக்கும் என்று அவருக்குப் பட்டது. சத்தமில்லாமல் மாவைத் திரும்ப வாங்கிவிடுவது.

முதலில் மனைவி. “நாளைக்குத் திருவாதிரை. அரிசி மாவுல போடு கார்த்தி. நாலு எறும்பு தின்னா புண்ணியம்.”

“இத்தன நாளா எறும்பு ஞாபகம் வரலியா?” என்றாள் அவள். வருஷத்திலேயே பெரிய கோலம் போடுகிற நாள், முகம் கறுத்துவிட்டது. அவர் மூட்டையை மாடிக்கு இழுத்துப் போய்ப் பூட்டினார்.

அடுத்து எதிர்வீடு. வாசலில் போய் நின்று செருமினார்.

“சிவகாமிக்கா, அன்னிக்குக் கார்த்தி குடுத்தாளே கோலமாவு, அதுல மிச்சம் இருந்தா குடுங்களேன்.”

சிவகாமியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் சார்?”

“இல்ல… பழனிவேல் கேக்கறான்.”

நாய் செத்த விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

சிவகாமியம்மாளுக்குப் புரிந்தது வேறு. நாளைக்குத் தன் பெண்டாட்டி கோலம் மட்டும் ஊர் கண்ணில் நிற்கவேண்டும், அதற்காகக் கொடுத்ததைப் பிடுங்க ஆள் அனுப்பியிருக்கிறாள் அந்தக் கார்த்தி. “அது அன்னிக்கே தீந்துபோச்சே,” என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பை பின்கட்டில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

பொய் என்று சாய்நாத்துக்குத் தெரியாமல் இல்லை. முந்தின நாள் விடியற்காலைகூட அந்த வாசல் பளிச்சென்று இருந்ததைப் பார்த்தவர். ஆனால் ‘தீந்துபோச்சு’ என்ற சொல் அவருக்கு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அவர் முதுகு மறைந்ததும் சிவகாமியம்மாள் பின்கட்டுக்குப் போனார். வாத்தியார் வீட்டார் அடுத்து யாரையாவது எட்டிப்பார்க்க அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று பையைக் காலிசெய்து, அடுப்படியில் அரிசி மாவு தீர்ந்துபோய்க் கிடந்த டப்பாவில் கொட்டி மூடினார். மருமகளிடம் சொல்லவில்லை. மருமகளிடம் எதைத்தான் சொன்னார்?

திருவாதிரையன்று ஊரே கோவிலில் இருந்தது. சாய்நாத்தும் தரிசனத்துக்குப் போனார். கூட்டம் நசுக்கி எடுத்து, வீடு திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. களியும் கூட்டும் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருந்தன. உன் வீட்டுக் களி என் வீட்டில், என் வீட்டுக் களி உன் வீட்டில். முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட அன்று தூக்கு மாற்றிக்கொள்வார்கள், குறை சொல்வதற்காகவாவது.

கார்த்யாயினி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த வாளி.

“வாயச் சுத்தி மரத்தாப்புல இருக்குங்க. விரலெல்லாம் குறுகுறுங்குது.”

“என்ன சாப்ட்ட?”

“நம்ம களிதான். எதிர்வீட்டுலேர்ந்து மதுரா கூட்டு குடுத்தனுப்புச்சு. நல்லால்ல, தண்ணியா இருந்துச்சு. வீணாக்க வேணாம்னு ஊத்திக்கிட்டேன்.”

சாய்நாத் தூக்கைத் திறந்து சாய்த்தார். மஞ்சள் குழம்பு ஒருபக்கம் ஒதுங்கியது. அடியில் மெல்லிசாக, வெள்ளையாக, அசையாமல் ஒரு படிவு.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடராஜ் வீடு முழுக்க அங்கே இருந்தது. நடராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். மதுரா ஒரு பிடிதான் சாப்பிட்டிருந்தாளாம், அழுதுகொண்டு நின்றாள். கட்டிலில் சிவகாமியம்மாள். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு. கனமான மாவு அடியில்தான் தங்கியிருந்தது.

“ஃபுட் பாய்சன் மாதிரி இருக்கு. கூட்டுல என்னல்லாம் போட்டீங்க?” என்று கேட்டார் டாக்டர் ப்ரீத்தி. சின்ன வயசு, தூக்கமில்லாத கண்கள்.

“காய்தான் மேடம். அரிசி மாவு கரைச்சு ஊத்தினேன். இறுகவே இல்ல, அதான் இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன்…” மதுரா விசும்பினாள்.

“பொட்டாசியம் பாருங்க மேடம்,” என்றார் சாய்நாத்.

“நீங்க டாக்டரா?”

“கெமிஸ்ட்ரி.”

“அப்போ கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்.”

அவர் ஓரமாக நின்றார். அந்த ஓரத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதுதான் சந்தில் இன்றுவரைக்கும் பேச்சு. ரெண்டே நிமிஷம் என்பவர்கள் உண்டு. அரைமணி நேரம் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. சந்தில் பாதி அங்கே கூடியிருந்தது, சிங்காரம் உட்பட. பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி ‘உங்களுக்கு எப்படித் தெரியும்’ என்று வரும். அதற்கு ஒரு விடை தேடிக்கொண்டிருந்தார். வாந்தியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாமா, தூக்கைப் பார்த்ததும் தோன்றியது என்றால் நம்புவார்களா என்று.

“ஏங்க,” என்றாள் கார்த்யாயினி. “கையத் தூக்க முடியலங்க.”

அப்போதுதான் வந்தது குரல். மைக் இல்லை, ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

“அது மாவு இல்ல. பேரியம் கார்பனேட்.”

டாக்டர் திரும்பினார். “எப்படிச் சொல்றீங்க?”

“டெஸ்ட் பண்ணேன். பச்சையா எரிஞ்சுது.”

“எப்போ?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இப்போதும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது.

“நேத்து சாயங்காலம்.”

நடராஜ் சுவரைப் பிடித்து எழுந்தான். “நேத்து சாயங்காலமா? நேத்து சாயங்காலந்தானண்ணே எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னீங்க?”

சாய்நாத் அவனைப் பார்க்காமல் டாக்டரிடமே பேசினார். “சல்பேட் குடுங்க மேடம். மெக்னீசியம் சல்பேட், பேதி உப்பு. மெக்னீசியத்தோட சல்பேட் நல்லாக் கரையும், பேரியத்தோடது கரையாது. கீழ போகப் போக சல்பேட்டோட கரைதிறன்…”

“தெரியும் சார். தள்ளுங்க!” டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டபடி ஓடினார்.

உப்பைக் கரைத்துக் கொடுத்தார்கள். ட்ரிப்பில் பொட்டாசியம் ஏற்றினார்கள். நடராஜும் மதுராவும் தேறினார்கள். சிவகாமியம்மாளுக்கு விழுங்க முடியவில்லை, மூக்கில் குழாய் போட்டார்கள். வாய்தான் அவர் சொத்து, அது முதலில் போயிற்று. பிறகு கழுத்து. நினைவு மட்டும் கடைசிவரை போகவில்லை. கண்கள் ஒவ்வொருவர் முகமாகப் போய், சாய்நாத் முகத்தில் நின்றன. ஏதோ கேட்க வேண்டியிருந்திருக்கும். மூச்சுக்கு மெஷின் வைத்தும் இதயம் தாளவில்லை. கோவிலிலிருந்து கூட்டம் கலைந்து வருகிற சத்தம் ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது, மூட்டை கடலூர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது, அங்கேயும் பச்சையாகத்தான் எரிந்திருக்கும். பழனிவேலைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். அவன் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னான்: “மாமா போன்ல ஏன்னு சொல்லலீங்க. சொல்லிருந்தா நானே ஓடியாந்து வாங்கிட்டுப் போயிருப்பேன்.” டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் வடக்கு வீதிக்கு மாறிக்கொண்டார்கள். சிங்காரம் மட்டும் வழக்கம்போல் பால் ஊற்றினார்.

கார்த்யாயினி பிழைத்தாள். கூட்டின் மேலாகத் தெளிந்ததைத்தான் மதுரா அவளுக்கு முதலில் மொண்டு அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்த பின்னும் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க நாளாயிற்று. சாய்நாத் பிசைந்து ஊட்டினார். அவள் வாய் திறந்தாள். ஒருநாள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

“நாய் செத்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“அந்தப் பச்சை எரிஞ்ச பிற்பாடு கீழ எறங்கி வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்க?”

அவர் கையில் சோற்று உருண்டை இருந்தது.

“சொல்லுங்க. எனக்கு மறந்துபோச்சு.”

அவளுக்கு மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். “எறும்பு தின்னா புண்ணியம்னு சொன்னேன்.”

“ம்,” என்றாள் கார்த்யாயினி. அந்த உருண்டைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. நடுங்கும் விரல்களால் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சிந்தச் சிந்தத் தானே அள்ளத் தொடங்கினாள்.

அன்று பிற்பகல் மழை பெய்தது. சந்தின் மண்ணையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. நகராட்சி ஆட்கள் சுரண்டியது போக எதிர்வீட்டு வாசற்கல்லின் இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு மிச்சமிருந்தது. சாய்நாத் ஈரத்துணியோடு போய் அங்கே மண்டியிட்டார்.

மதுரா கதவைத் திறந்தாள். “என்ன சார் பண்றீங்க?”

“இது விஷம்மா,” என்றார் அவர். “மழைக்குக் கரையாது.”

சந்தின் கடைசி வீடுவரை அது கேட்டது. மதுரா கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.